கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழிப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் இதனைத் தவறவிடுவதில்லை. தன் குறையை மறைக்கப் பிறிதொன்றின்மேல் பழிபோடும் மனிதரை இடித்துரைக்கும் மொழி என்று பொருள் கூறி, ஓர் எடுத்துக்காட்டும் தந்துவிட்டு, அடுத்த பழமொழிக்குச் சென்றுவிடுகின்றோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தவன். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் அந்தப் பெண்ணின் நிலை என்ன என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அதிகப்பிரசங்கி, உட்கார்" என்றே சொல்லியிருப்பேன். ஆடுகின்றவளே குற்றவாளி என்னும் தீர்ப்பு அப்பழமொழிக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. கூடத்தை அளந்து பார்த்தவர் எவருமில்லை.

ஒன்று இயங்கவில்லை, அல்லது ஒருவர் மறுமொழி கூறவில்லை. அப்போது குற்றம் எங்கே உள்ளது என்று தேடும் வேலையை எந்த இடத்திலிருந்து தொடங்குவது அறம்? இந்த வினாவை நான் அறநூல்களிலிருந்து பெறவில்லை. எங்கள் பள்ளிக் கணினி அறையில், ஒரு மின்னணுப் பலகையின் முன்னால் நின்று பெற்றேன். ஆகவே அந்தப் பலகையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழாசிரியன் ஒருவன் சொல்வதாகையால் நுட்பம் அறிந்தோர் சற்றே பொறுத்துக்கொள்வார்களாக.

2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரத்து வடிவமைப்புக் கல்விக்கழகம் ஒன்றில், பொறியியல் படிக்காத மாணவரும் மின்னணுக் கருவிகளைத் தாமே செய்து பழக வேண்டும் என்னும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது 'ஆர்டுயினோ' என்னும் பலகை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வூரோடு தொடர்புடையவனாயிருந்த ஆர்டுயின் என்னும் அரசனின் பெயர் முதலில் அங்கிருந்த ஒரு மதுவிடுதிக்கு வைக்கப்பட்டது. அங்கே கூடிப் பேசியவர்களால் பின்னர் இப்பலகைக்கும் வந்து சேர்ந்தது. அதன் வடிவமைப்பை யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டமையால், அதனை ஒத்த மலிவான பலகைகள் உலகெங்கும் பரவின. சில பத்து ரிங்கிட் இருந்தால் ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழகமும் அதனை வாங்கிவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையின் நடுவே நுண்கட்டுப்படுத்தி என்னும் கறுப்புச் சில்லு ஒன்று உண்டு. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதற்குள் அடங்காது. ஆயினும் விளக்கை ஏற்றவும் வெப்பத்தை அளக்கவும் ஈரத்தை உணரவும் அவ்வளவே போதும்.

இந்தப் பலகைக்குத் திரையில்லை, விசைப்பலகையில்லை. நாம் அதற்குக் கற்பிப்பதும், அது நமக்குக் கூறுவதும் கணினியோடு அதனை இணைக்கும் ஒரு கம்பியின் வழியாகத்தான். அக்கம்பியில் மின்துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஆகையால் அதனைச் 'சீரியல்' தொடர்பு என்கின்றனர். தொடர்நிலைத் தொடர்பு என்று நாம் சொல்லலாம். ஓர் எழுத்துக்கு எட்டுத் துடிப்புகள், அவற்றின் முன்னே தொடக்கத்தைக் குறிக்க ஒன்று, பின்னே முடிவைக் குறிக்க ஒன்று, ஆகப் பத்து. நொடிக்கு 9,600 துடிப்புகள் என்னும் வேகத்தில் 960 எழுத்துகள் போய்ச் சேரும். இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாளம் போடுவதற்கென்று தனிக் கம்பி இத்தொடர்பில் கிடையாது. இன்ன வேகத்தில் பேசுவோம், இன்ன வேகத்தில் கேட்போம் என்று இருபுறமும் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும். இந்த வேகத்தைக் குறிக்க வழங்கும் 'பாட்' என்னும் அலகு, 1874இல் தம் தந்திக் குறியீட்டு முறைக்குக் காப்புரிமை பெற்ற எமில் பாடோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் அமைந்தது. தந்தி மறைந்த பின்னும் அவர் பெயர் மறையவில்லை.

இனி நடந்ததைச் சொல்கின்றேன்.

எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் பள்ளிக் காய்கறித் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து கணினித் திரையில் காட்டும் கருவியொன்றைச் செய்துகொண்டிருந்தனர். ஈர உணரியைப் பலகையோடு இணைக்கும் பொறுப்பு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் இருந்தது. வகுப்பில் அதிகம் பேசாதவன். ஆனால் கைவேலையில் கருத்துள்ளவன். ஒரு வாரம் எல்லாம் சரியாக நடந்தது. எண்கள் திரையில் வரிசை வரிசையாக ஓடின. மறுவாரம் பலகையைக் கணினியோடு இணைத்தபோது எண் ஒன்றும் வரவில்லை. பொறுப்பாசிரியை மருத்துவ விடுப்பில் இருந்தமையால் நானே கழகத்தைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அக்கருவியைக் காண வருவதாக ஏற்பாடு. எனக்கு அவசரம்.

பலகையில் சிறு விளக்கு எரிந்தது. விளக்கு எரிகின்றதே, ஆகவே கம்பியில் குறையில்லை என்று முடிவு செய்தேன். செய்தி செல்லும் வாயில்களின் பட்டியலைக் கணினி காட்டியது. அதில் 'காம் 1' என்னும் ஒரே பெயர் இருந்தது. இருப்பது ஒன்றுதானே என்று அதனையே தேர்ந்து நிரலை அனுப்பினோம். கருவி மறுமொழி தரவில்லை என்று திரையில் வந்தது. மீண்டும் அனுப்பினோம். மீண்டும் அதுவே வந்தது. பத்து முறைக்கு மேலாயிற்று. நான் அந்த மாணவன் பக்கம் திரும்பினேன்.

"போன வாரம் நீதானே கம்பிகளைச் செருகினாய்? எதையோ மாற்றிச் செருகிப் பலகையை எரித்துவிட்டாய்."

"ஐயா, அந்தக் கேபிள்..." என்று அவன் தொடங்கினான்.

"காரணம் சொல்லாதே. பள்ளிப் பொருளைத் தொடும்போது கவனம் வேண்டும்."

அவன் அமர்ந்துவிட்டான். மற்ற மாணவர்கள் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். நான் என் அறைக்குச் சென்று, பொருட்பதிவேட்டை எடுத்து, அப்பலகைக்கு நேரே 'பழுது. மாணவர் கவனக்குறைவு' என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். அடுத்த வாரக் கழகக் கூட்டத்திற்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வயிற்றுவலி என்று நண்பனிடம் சொல்லியனுப்பினான்.

மூன்றாம் வாரம் ஆசிரியை பணிக்குத் திரும்பினார். பலகை எரிந்துவிட்டது என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலில் தொட்டது பலகையை அன்று. கம்பியைப் பிடுங்கினார், தம் கைப்பையிலிருந்த கம்பி ஒன்றை எடுத்துச் செருகினார். கணினியிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. பட்டியலில் 'காம் 4' என்று புதிய பெயர் ஒன்று தோன்றியது. அடுத்த கணமே எண்கள் ஓடத் தொடங்கின. மூன்று வாரமாக அந்தப் பலகை, மாணவன் கற்பித்ததை மறவாமல், கேட்பாரின்றிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றது!

யூ.எஸ்.பி. கம்பிக்குள் வழக்கமாக நான்கு கம்பிகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்திற்கு. பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்றே மலிவாக விற்கப்படும் சில கம்பிகளில் முன்னைய இரண்டே இருக்கும். விளக்கு எரியும், சொல் போகாது. நாங்கள் தேர்ந்தெடுத்த 'காம் 1' கணினியின் பின்புறத்தில் இருந்த பழைய வாயில். அதில் எதுவும் செருகப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத வீட்டின் கதவைப் பத்து முறை தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்காரனை ஊமை என்று நான் சொல்லியிருக்கின்றேன்.

"ஐயா, முன்பு இருந்த கேபிள் எங்கே?" என்று ஆசிரியை கேட்டார்.

அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. விளையாட்டுப் போட்டிப் படங்களைக் கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றுவதற்காக நானே அதனை எடுத்துச் சென்றிருந்தேன். அறையில் கம்பி இல்லாமல் போகக்கூடாதே என்று, இரவுச் சந்தையில் வாங்கிய புதியதொன்றை அதன் இடத்தில் வைத்தவனும் நானே.

இதனை வெறும் மறதி என்று சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை. நான் ஐயுற்றது தவறா என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். ஐயுற்றது தவறன்று. கம்பியை மாற்றிச் செருகிப் பலகையை எரித்துவிடும் மாணவர்கள் உண்டு. கடைசியாக அதனைத் தொட்டவன் அவனே. ஆகவே அவன்மேல் ஐயம் எழுந்ததற்கு ஆதாரம் இருந்தது. என் பிழை ஐயத்தில் இல்லை. ஐயத்தின் வரிசையில் இருந்தது.

தொடர்பு அறுந்தால் நுட்பம் அறிந்தவர் எப்படித் தேடுகின்றார் என்பதைப் பிற்பாடு அந்த ஆசிரியையிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதலில் கம்பியை மாற்றுவார். வேறொரு துளையில் செருகுவார். கம்பியைப் பிடுங்கும்போது பட்டியலில் எந்தப் பெயர் மறைகின்றது, செருகும்போது எது தோன்றுகின்றது என்று பார்த்து, பலகையின் வாயில் எதுவென்று உறுதி செய்வார். பலகையின் மொழியைக் கணினிக்குப் பெயர்த்துச் சொல்லும் சில்லு ஒன்று உண்டு. மலிவான பலகைகளில் அது வேறுவகையாக இருப்பதால், அதற்குரிய இயக்கி மென்பொருள் கணினியில் உள்ளதா என்று பார்ப்பார். வேகம் ஒத்திருக்கின்றதா என்பது அடுத்து. பலகையில் 0, 1 என்னும் எண்ணுடைய ஊசித்துளைகள் கணினியோடு பேசுவதற்கும் பயன்படுவதால், அவற்றில் வேறு கம்பி செருகியிருந்தால் அதனைக் கழற்றுவார். இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு சோதனை உண்டு. அதுவே என்னை வெகுவாகக் கவர்ந்தது. பலகையின் மூளையாகிய சில்லை உறங்க வைத்துவிட்டு, அனுப்பும் துளையையும் பெறும் துளையையும் ஒரு சிறு கம்பியால் தம்முள் இணைத்துவிடுவார். பிறகு கணினியில் எதையேனும் தட்டச்சு செய்வார். அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வந்து திரையில் தோன்றினால், சொல்லுகின்ற பக்கமும் இடைவழியும் செம்மையாக உள்ளன. வரவில்லையானால், மறுபக்கத்தைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். பலகை கெட்டுவிட்டது என்னும் சொல் அவர் வாயிலிருந்து எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும்.

இந்த வரிசை எதனால் அமைந்தது? குற்றம் இருக்கக்கூடிய வாய்ப்பினால் மட்டும் அமைந்ததன்று. எதைச் சோதிப்பது எளிதோ, எதைச் சோதித்தால் யாருக்கும் தீங்கில்லையோ அதுவே முதலில் வருகின்றது. கம்பியை மாற்ற அரை நிமிடம் போதும். கம்பிக்கு மனவருத்தமும் இல்லை. என்னுடைய வரிசையும் எளிமையை ஒட்டியதுதான்; ஆனால் சோதிக்க எளியதை நான் தேடவில்லை, பழிக்க எளியதைத் தேடினேன். கணினி சங்கத்தார் நன்கொடையாகத் தந்தது. அதனைக் குறை சொல்ல மனம் வராது. கம்பி நான் வாங்கியது. தேர்ந்தெடுத்த வாயில் நான் தேர்ந்தெடுத்தது. அந்த அறையில் தனக்காகப் பேச ஆளில்லாத பொருள் ஒன்றே இருந்தது. அது பொருளன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

ஆசிரியத் தொழிலில் இவ்வரிசைப் பிழை நாள்தோறும் நடக்கின்றது. நன்னூலின் பொதுப்பாயிரத்தை நாம் அறிவோம். பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக உவமித்துத் தலை, இடை, கடை என வகுத்தார். ஆசிரியராகத் தகாதவருக்கும் அவர் நான்கு உவமை சொல்லியிருக்கின்றார். போட்ட முறைப்படி அல்லாமல் தாறுமாறாகக் காய்களை வெளியே கொட்டும் கழற்காய்க் குடம். யாரையும் ஏறவிடாத மடற்பனை. திணிக்கும்போதும் சிறிது சிறிதாக, எடுக்கும்போதும் சிறிது சிறிதாக என்னும் பருத்திக் குண்டிகை. நீர் ஊற்றியவனுக்கு அல்லாமல் அடுத்த வீட்டானுக்குக் காய் தரும் முடத்தெங்கு. (ஒவ்வொரு துடிப்பாகச் செல்லும் தொடர்நிலைத் தொடர்புக்குப் பருத்திக் குண்டிகையை விட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை, பவணந்தியார் பொறுப்பாராக.) ஆயினும் நம் ஆசிரியர் அறைகளில் எருமை என்னும் சொல் காதில் விழுமளவுக்கு முடத்தெங்கு என்னும் சொல் விழுவதில்லை. எட்டில் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டோம். நான்கைத் தேர்வுக்கு மட்டும் படித்தோம்.

இரண்டு பட்டியலையும் நடுநிலையோடு எடுத்துக்கொண்டாலும் ஒன்று எஞ்சுகின்றது. குற்றம் ஆசிரியரிடம் இல்லாமல், மாணவரிடமும் இல்லாமல், இருவருக்கும் இடையே இருக்கலாம் அன்றோ? பவணந்தியார் இதனையும் விடவில்லை. பாடம் சொல்லும் முறையை உரைக்கும்போது காலத்தையும் இடத்தையும் நோக்கச் சொல்கின்றார். கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து கொடுக்கச் சொல்கின்றார். நான் கம்பி என்று சொன்னதை அவர் வேறு சொற்களால் சொல்லிவைத்திருக்கின்றார்.

முதலாம் ஆண்டுக்கு வரும் குழந்தைகளைப் பாருங்கள். மலாய்மொழிப் பாலர் பள்ளியிலிருந்து நேரே தமிழ்ப்பள்ளிக்கு வந்த பிள்ளையிடம், "உன் இல்லம் எங்கே உள்ளது?" என்று செந்தமிழில் கேட்கின்றோம். அது தொடர்பில்லாத எதையோ சொல்கின்றது. பின்தங்கிய மாணவர் என்று குறிப்பு எழுதப்படுகின்றது. தொடர்நிலைத் தொடர்பில் இதற்கு நேரான நிலை ஒன்றுண்டு. கணினி ஒரு வேகத்திலும் பலகை வேறொரு வேகத்திலும் பேசினால் மௌனம் வராது. எழுத்துகள் வரும், ஆனால் கேள்விக்குறியும் கட்டமும் அறியாத மொழிக் குறிகளுமாகப் பொருளற்ற குப்பையாக வரும். பழகாதவர் அதனைப் பார்த்துவிட்டுப் பலகைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பர். பழகியவர் மகிழ்வார். குப்பை வருகின்றதென்றால் கம்பி நன்றாக உள்ளது, வாயில் சரியானது, மறுபக்கம் உயிரோடு இருக்கின்றது. உடன்பாடு ஒன்றுதான் குறை. வேகத்தை மாற்றி வைத்தால் அந்தக் குப்பை இருந்த இடத்திலேயே தெளிவான எண் வரும். "வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை தெருப்பெயரோடு சொல்லியிருக்கும். தவறான விடையை மௌனத்தைவிடத் தாழ்வாகக் கருதும் வழக்கம் நம்மிடம் உள்ளது. உண்மையில் தவறான விடை நற்செய்தி.

இன்னுமொரு நிலை. ஒரு வாயிலை ஒரு நேரத்தில் ஒரு நிரலே பிடித்துக்கொண்டிருக்க முடியும். எண்களைக் காட்டும் சாளரம் ஒரு மென்பொருளில் திறந்திருக்கும்போது வேறொரு மென்பொருளிலிருந்து புதிய பாடத்தை அனுப்பினால், வாயில் வேறொருவர் கையில் உள்ளது என்று கணினி மறுத்துவிடும். வீட்டுச் சண்டையைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளையை இங்கே நினைத்துக்கொள்வது ஆசிரியர்க்கு இயல்பு. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வேறு. "ஐயா, அந்தக் கேபிள்" என்று அவன் சொல்லத் தொடங்கியபோது, என் காதை மறுநாள் வரவிருந்த சங்கத்தார் பிடித்துக்கொண்டிருந்தனர்.

என் நண்பரான தலைமையாசிரியர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "இப்படியே போனால் எந்தப் பிள்ளையும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். வீட்டுப்பாடம் செய்யாதவனைக் கேட்டால் கம்பி சரியில்லை என்பான்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கின்றது. பலகைகள் எரியத்தான் செய்கின்றன. சில மாதங்களுக்குப் பின் எங்கள் கழகத்திலேயே ஒரு பலகை அவ்வாறு போயிற்று. தன் விருப்பப்படி மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்துவிட்டான் ஒருவன். சில்லு தொடமுடியாதபடி சுட்டது, தீய்ந்த மணமும் எழுந்தது. நன்றாக இயங்கும் கம்பியில் அதனைச் செருகினோம். வேறு கணினியிலும் செருகினோம். அதே கம்பியில் இன்னொரு பலகை உடனே பேசியது, இது பேசவில்லை. அவனைக் கண்டித்தேன். அவனும் ஒப்புக்கொண்டான்; அடுத்த வாரம் வழக்கம்போல் வந்தான். குற்றமற்றவனை விடுவிக்கும் சோதனையே குற்றமுள்ளவனைக் காட்டியும் கொடுக்கின்றது. ஆகையால் சோதித்தல் இரக்கத்தின் பெயரால் செய்யும் சலுகை என்று நண்பர் கருதுவதை நான் ஏற்கவில்லை.

ஆனால் அவர் சொல்லாத மறுப்பு ஒன்றுண்டு; அதுதான் எனக்குக் கடினமாக இருக்கின்றது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், அரைமணி நேரப் பாடவேளையில், ஒவ்வொரு மௌனத்துக்கும் இத்தனை சோதனை செய்ய யாருக்கு நேரம் உண்டு? இல்லைதான். நேரமில்லாதபோது என்ன செய்வது என்பதற்கு அந்தக் கணினித் திரையிலேயே ஒரு விடை இருந்தது. பத்து முறை கேட்டும் பயனில்லாதபோது அது எழுதியது, கருவி மறுமொழி தரவில்லை என்பது மட்டுமே. கெட்டுவிட்டது என்று அது ஒருமுறையும் எழுதவில்லை. தான் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் அது சொல்லவில்லை. கெட்டது, எரிந்தது, கவனக்குறைவு என்பனவெல்லாம் நான் சேர்த்தவை. மாணவர் முன்னேற்ற அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். 'விடை எழுதவில்லை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'முயற்சி இல்லை' என்று எழுதியிருப்போம். முன்னது கண்டது, பின்னது கருதியது. இரண்டையும் ஒரே மையால் எழுதிவிடுகின்றோம். பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே படிக்கின்றனர்.

பொருட்பதிவேட்டில் நான் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். அது ஒரு நிமிட வேலை. மாணவனிடம் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. தலைமையாசிரியர் பன்னிரண்டு வயதுப் பையனிடம் மன்னிப்புக் கேட்டால் பள்ளியின் ஒழுங்கு என்னாகும் என்று எனக்குள் ஒரு குரல் வாதாடிக்கொண்டே இருந்தது. ஓய்வுநேரத்தில் அவனைத் தனியாக என் அறைக்கு அழைத்தேன். பலகை நன்றாக உள்ளது, தவறு உன்னுடையதன்று என்று சொன்னேன். "பரவாயில்லை, ஐயா" என்றான். தரையைப் பார்த்தபடியே சொன்னான். அந்த வாரமும் அவன் கழகத்திற்கு வரவில்லை.

ஆசிரியையிடம் சொன்னபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, நீங்கள் அவனைத் திட்டியபோது பதினான்கு பேர் இருந்தார்களாமே?"

அடுத்த கூட்டத்திற்கு அவனைக் கையோடு அழைத்துச் சென்றேன். கணினி அறையில், எல்லாரும் அமர்ந்தபின், இரவுச் சந்தைக் கம்பியைக் கையில் தூக்கிக் காட்டி, இதனை இங்கே வைத்தவன் நான், நல்ல கம்பியை எடுத்துச் சென்றவனும் நான், சோதிக்காமல் பழி சொன்னவனும் நான் என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு அவனிடம், "அன்று அந்தக் கேபிள் என்று ஏதோ சொல்ல வந்தாய். என்ன அது?" என்று கேட்டேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"எங்கள் வீட்டிலும் அதே கேபிள்தான், ஐயா. அண்ணன் வாங்கினார். சார்ஜ் மட்டும் ஏறும். படம் எதுவும் போகாது."

உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கலாமா என்று அவனே கேட்டான். ஆசிரியை கத்தரிக்கோலை எடுத்துத் தந்தார். மேலுறையை நீளவாட்டில் கீறிப் பிரித்தான். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. வேறெதுவும் இல்லையே என்று இன்னும் ஒரு சாண் கீறிப் பார்த்தான். மற்ற பிள்ளைகள் எழுந்து வந்து அவனைச் சூழ்ந்துகொண்டனர்.